சௌந்தரம் அம்மாள்: சின்னாளபட்டியை விட்டுப் போகாத சட்டமன்ற உறுப்பினர்

மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறுகிறவர்களுக்கு, கொடைரோடு தாண்டிச் சிறுமலையின் அடிவாரம் வலப்பக்கமாகக் கூடவே வரத் தொடங்கியதும், நடத்துநர் "காந்திகிராமம் இறங்கு" என்று குரல் கொடுப்பது பழகிப்போன சங்கதி. இறங்குகிறவர்களில் பல்கலைக்கழக மாணவர்கள் இருப்பார்கள்; கஸ்தூர்பா ஆஸ்பத்திரிக்குப் போகும் கர்ப்பிணிப் பெண்ணும் அவள் கையைப் பிடித்தபடி அவளுடைய தாயும் இருப்பார்கள்; சாலையோரத்தில் பன்னீர் திராட்சைக் கூடை வைத்திருக்கிற பெண்களிடம் பேரம் பேசவென்றே இறங்குகிறவர்களும் உண்டு. இந்த இடத்தை உருவாக்கியவர்களில் ஒருவர் பத்து ஆண்டுகள் இந்தப் பகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும், அடுத்த ஐந்து ஆண்டுகள் திண்டுக்கல்லின் மக்களவை உறுப்பினராகவும், மத்தியக் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் இருந்தார் என்பது அந்தப் பஸ்ஸில் பலருக்கும் புதிய செய்தியாக இருக்கும். டி.எஸ். சௌந்தரம் ராமச்சந்திரன் என்ற பெயரைத் தெரிந்தவர்கள்கூட அவரை டாக்டராகவும் காந்தியவாதியாகவும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

இதை மக்களின் மறதி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அவருடைய அரசியல் காலத்தைச் சற்று நிதானமாகப் பார்த்தால், அந்த மறதிக்குள்ளே ஒரு நியாயம் இருப்பது புலப்படும். கிராமக் கல்விக்கென்று ஒரு நிறுவனத்தைக் கட்டிவிட்டு, அதன் பொருட்டே சட்டமன்றத்துக்குப் போனவர் அவர். பதவி உயர உயர, அவர் எதற்காகப் போனாரோ அந்தக் கிராமப் பள்ளிக்கூடம் கைக்கெட்டாத தூரத்துக்கு நகர்ந்துகொண்டே போயிற்று. அப்படி ஆனதற்கு அவர் காரணமல்ல. நம்முடைய கல்வி நிர்வாகம் கட்டப்பட்டிருந்த விதமும் அந்தக் காலத்துத் தமிழக அரசியலின் போக்கும்தான் காரணம்.

முதலில் அவர் வந்த வழி. 1904 ஆகஸ்டு 18 அன்று பிறந்த சௌந்தரம், மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். அந்தக் கால வழக்கப்படி சிறுவயதிலேயே திருமணம் நடந்தது. கணவர் சௌந்தரராஜன் மருத்துவர். பிளேக் நோயில் இளம் வயதிலேயே இறந்துபோனார். இறக்கும் முன், நீ படிக்க வேண்டும், மறுமணமும் செய்துகொள்ள வேண்டும் என்று மனைவியிடம் அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆசாரமான வைணவக் குடும்பத்தில், அதுவும் 1920-களில், இந்த இரண்டில் எது நடந்தாலும் ஊர் பேசும். இரண்டுமே நடந்தன. டில்லி லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1936-இல், முப்பது வயதைக் கடந்த பிறகு, எம்.பி.பி.எஸ். முடித்தார். அங்கே உடன் படித்த சுசீலா நய்யார் வழியாகக் காந்தியின் அறிமுகம் கிடைத்தது. காந்தியின் சீடரும் மலையாளியுமான ஜி. ராமச்சந்திரனை அவர் விரும்பினார். வீட்டில் ஒப்புதல் இல்லை. இருவரும் ஓராண்டு பார்க்காமலும் எழுதிக்கொள்ளாமலும் இருங்கள், அதன் பிறகும் மனம் மாறாவிட்டால் நானே நடத்தி வைக்கிறேன் என்றார் காந்தி. மனம் மாறவில்லை. 1940 நவம்பரில் காந்தி, கஸ்தூர்பா முன்னிலையில் திருமணம் நடந்தது.

இந்தக் கதையை ஒரு காதல் கதையாகவே சொல்லி நிறுத்திவிடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. அதைவிட முக்கியமானது பிறகு வந்தது. கஸ்தூர்பா 1944-இல் சிறைக்காவலில் இறந்தபின், கிராமத்துப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென்று அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. அதன் தமிழ்நாட்டுப் பிரதிநிதியாகச் சௌந்தரத்தைக் காந்தி அமர்த்தினார். அந்தப் பொறுப்பின் மையமான வேலை கிராம சேவிகைகளைப் பயிற்றுவிப்பது. ஓரளவு எழுதப் படிக்கத் தெரிந்த கிராமத்துப் பெண்களை, பெரும்பாலும் விதவைகளையும் கணவனால் கைவிடப்பட்டவர்களையும், அழைத்துவந்து, பிரசவம் பார்ப்பது, குழந்தைகளைக் குளிப்பாட்டி உட்காரவைத்துப் பாட்டும் எழுத்தும் சொல்லித்தருவது, நூல் நூற்பது, கணக்கு எழுதுவது ஆகியவற்றைக் கற்பித்து மீண்டும் கிராமத்துக்கே அனுப்ப வேண்டும். மருத்துவராகப் படித்தவர் ஆசிரியர்களை உருவாக்கும் ஆசிரியராக மாறியது இங்கேதான். அவரைக் கல்வியாளர் என்று அழைப்பதற்கு எனக்கு உள்ள ஆதாரம் அந்தப் பயிற்சிக் கூடம்தான். பட்டமோ பதவியோ அல்ல.

1946 பிப்ரவரியில் மதுரைக்கு வந்த காந்தி, மீனாட்சியம்மன் கோயிலுக்கும் பிறகு பழனிக்கும் போனார். பழனிக்குப் போகும் வழியில் அம்பாத்துரையில் ரயில் நின்றபோது சுற்றுவட்டாரமே அங்கே கூடியிருந்தது. அடுத்த ஆண்டு, 1947 அக்டோபர் 7 அன்று, அந்த ரயில் நிலையத்தை ஒட்டியே காந்திகிராமம் தொடங்கப்பட்டது. நிலத்தைச் சின்னாளபட்டிக்காரர்கள் கொடுத்தார்கள். சின்னாளபட்டி நெசவாளர் ஊர். சுங்குடிச் சேலையும் பின்னாளில் செயற்கைப் பட்டும் அதன் அடையாளங்கள். சுற்றிலும் மானாவாரிக் கிராமங்கள். நெசவையும் வேளாண்மையையும் அடிப்படையாக வைத்து ஒரு கல்வியைச் சோதித்துப் பார்க்க இதைவிடத் தோதான இடம் மதுரைப் பக்கத்தில் அதிகம் கிடைத்திருக்காது. அன்று இந்தப் பகுதியும் சேர்ந்திருந்த மதுரை மாவட்டத்தில், தே. கல்லுப்பட்டியில், கோ. வேங்கடாசலபதி 1940-லேயே காந்தி நிகேதன் ஆசிரமத்தைத் தொடங்கியிருந்தார். பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா தம் கடைசிக் காலத்தை அங்கேதான் கழித்தார். ஆக, காந்தி சொன்ன கிராம ஆக்கப் பணிகளைச் செய்துகொண்டு, 'நிர்மாண ஊழியர்' என்று தங்களை அழைத்துக்கொண்ட ஒரு கூட்டம் மதுரையைச் சுற்றி ஏற்கெனவே இருந்தது. சிறைக்குப் போவதை விடக் கக்கூஸ் கட்டுவது கடினம் என்று அறிந்தவர்கள் அவர்கள்.

அந்தக் கூட்டம் நம்பிய கல்வி முறைக்கு 'ஆதாரக் கல்வி' என்று பெயர். 1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டில் காந்தி முன்வைத்ததை, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு பாடத்திட்டமாக வடித்தது. 'கைத்தொழில் வழிக் கல்வி' என்ற ஒற்றை வரி விளக்கத்தால் இது பலருக்கும் தவறாகவே புரிந்தது. வகுப்பறையில் நடப்பதை அருகிலிருந்து பார்த்தால்தான் இதன் சூட்சுமம் விளங்கும். ஒரு பிள்ளை ராட்டையில் நூல் நூற்கிறது. நூற்ற நூலைச் சட்டத்தில் சுற்றினால் ஒரு சுற்றுக்கு 4 அடி. அப்படி 640 சுற்று சேர்ந்தால் ஒரு சிட்டம். ஒரு சிட்டத்தில் எத்தனை அடி நூல் என்று ஆசிரியர் கேட்கிறார். 2560 என்று சொல்வதற்குப் பிள்ளைக்குப் பெருக்கல் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அன்றைக்கு அதைக் கற்றுக்கொள்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிட்டத்தை எடைபோட்டு நூலின் நம்பரை, அதாவது நூல் எவ்வளவு மெல்லியது என்பதை, கண்டுபிடிப்பது வகுத்தல். பஞ்சு எந்த மண்ணில் விளைகிறது என்பது நிலவியல். அதை மான்செஸ்டருக்கு ஏற்றிப்போய்த் துணியாக்கித் திரும்பக் கொண்டுவந்து நமக்கே விற்றது வரலாறு. இப்படி ஒரு தொழிலின் நூலைப் பிடித்துக்கொண்டே எல்லாப் பாடங்களுக்கும் போய்வருவதுதான் அந்த முறை. நல்ல ஆசிரியர் கையில் அது அருமையான கல்வி. சுமாரான ஆசிரியர் கையில் அது வெறும் நூல் நூற்பு. பிள்ளைகளுக்குக் கை வலியும் பெற்றோருக்கு எரிச்சலும்தான் மிச்சம். அந்த முறையின் வெற்றி தோல்வி அத்தனையும் ஆசிரியர் பயிற்சியில் அடங்கியிருந்தது. காந்திகிராமத்தில் ஆசிரியர் பயிற்சிக்குத் தரப்பட்ட முக்கியத்துவத்தின் காரணம் இதுதான்.

அப்படியானால் பயிற்சிக் கூடத்தை விட்டு அவர் ஏன் தேர்தலில் நின்றார்? அரசியல் சட்டத்தின்படி அன்று பள்ளிக் கல்வி மாநிலப் பட்டியலில் இருந்தது. பள்ளிக்கு அங்கீகாரம், ஆசிரியருக்கு மானியம், பாடத்திட்டம், ஆய்வாளர் என எல்லாமே சென்னையின் கையில். ஒரு கிராமத்தில் பள்ளி நடத்துகிற எவரும் நான்கு மாதத்தில் கண்டுகொள்ளும் உண்மை இது. 1952-இல் வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை தந்த முதல் பொதுத்தேர்தலில் அவர் காங்கிரஸ் வேட்பாளராக ஆத்தூர் தொகுதியில் நின்று வென்றார். இது சேலம் மாவட்டத்து ஆத்தூர் அல்ல. கொடைக்கானல் மலையடிவாரத்தில், அன்றைய மதுரை மாவட்டத்தில் இருந்த ஆத்தூர். அந்தத் தேர்தலில் சென்னை மாகாணச் சட்டமன்றத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152 மட்டுமே, பெரும்பான்மை இல்லை. மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதல்வரான ராஜாஜி தட்டுத்தடுமாறித்தான் ஆட்சி அமைத்தார். காங்கிரஸ்காரர்கள் பலர் தோற்ற அந்தச் சூழலில், முதல் தேர்தலில் நின்ற ஒரு பெண், அதுவும் மறுமணம் செய்துகொண்ட பெண், கிராமத் தொகுதியில் வென்றார் என்றால், அதில் கட்சிக்கு இருந்த பங்கைவிட, இரண்டு படுக்கைகளோடு அவர் தொடங்கியிருந்த ஆஸ்பத்திரிக்கு இருந்த பங்கு பெரிதாக இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

ஆனால் அவர் உள்ளே போன அடுத்த ஆண்டே, கிராமக் கல்வி என்ற சொல்லே சண்டைக்குரியதாகிவிட்டது. 1953-இல் ராஜாஜி அரசு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளின் நேரத்தை மூன்று மணி நேரமாகக் குறைத்து, மாணவர்களை இரண்டு பிரிவாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. பள்ளிக்குள் வராத லட்சக்கணக்கான பிள்ளைகளுக்கு, இருக்கிற ஆசிரியரையும் கட்டடத்தையும் வைத்தே இடம் பண்ணுவது அதன் கணக்கு. அதைக் 'குலக்கல்வித் திட்டம்' என்று பெரியாரும் திராவிட இயக்கத்தினரும் சாடினார்கள். காங்கிரசுக்கு உள்ளேயே காமராஜர் தரப்பு அதை ஏற்கவில்லை. 1954-இல் ராஜாஜி விலக, காமராஜர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது.

இந்தத் திட்டமும் ஆதாரக் கல்வியும் ஒன்றுதான் என்ற எண்ணம் தமிழ்நாட்டில் இன்றுவரை இருக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆதாரக் கல்வியில் தொழில் பள்ளிக்குள் நடந்தது. எந்த வீட்டுப் பிள்ளையாக இருந்தாலும் ஒரே ராட்டை, ஒரே துடைப்பம். கக்கூஸ் கழுவுவதும் எல்லோருக்கும் பொது. அதுதான் அந்த முறையின் சாதிக்கு எதிரான கூர்மை. 1953-ஆம் ஆண்டுத் திட்டத்தில் பிள்ளை போக வேண்டிய இடம் அப்பனின் தொழிற்கூடம். அப்பன் யார் என்பதை முடிவு செய்வது சாதி. வேறுபாடு தெளிவானது. ஆனாலும், தொழில் என்ற சொல்லைக் கேட்டதும் அதில் குலத்தை முகர்ந்து பார்க்கிற நிலைக்கு ஒரு சமூகத்தைக் கொண்டுவந்தது அந்தச் சமூகத்தின் நெடுங்கால அனுபவம். அதை வெறும் பிரசாரம் என்று ஒதுக்க முடியாது. தங்கள் பிள்ளை அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிற அதே படிப்பைப் படிக்க வேண்டும், நூல் நூற்க வேண்டாம் என்று ஓர் ஏழைத் தகப்பன் சொன்னால், அவனிடம் சொல்ல நிர்மாண ஊழியர்களுக்குப் பதில் இல்லை. ஆதாரப் பள்ளிகள் தமிழ்நாட்டில் சத்தமில்லாமல் சாதாரணப் பள்ளிகளாக மாறிப்போனதற்கு இந்தத் தகப்பன்தான் முதல் காரணம், ராஜாஜி இரண்டாவது.

காமராஜர் ஆட்சியில் காற்று வேறு பக்கம் வீசியது. பிள்ளைக்கு என்ன சொல்லித்தருவது என்ற கேள்வி பின்னுக்குப் போய், பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவருவது எப்படி என்ற கேள்வி முன்னுக்கு வந்தது. 1956-இல் மதிய உணவு. பிறகு ஊர் தோறும் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள். பெஞ்சும் கரும்பலகையும் கடிகாரமும் ஊர்க்காரர்களே வாங்கிக் கொடுத்த அந்த மாநாடுகள், நிர்மாண ஊழியர்களுக்குப் பழக்கமான வேலை முறையை அரசே கையில் எடுத்துக்கொண்டதன் வடிவம். 1957 தேர்தலில் சௌந்தரம் வேடசந்தூருக்குப் போனார். ஆத்தூருக்கு மலையாறும் தென்னந்தோப்பும் உண்டு. வேடசந்தூர் வறண்ட பூமி, புகையிலையும் புஞ்சைப் பயிருமாக மழையை நம்பிக் கிடப்பது. அங்கும் வென்றார். அந்தச் சட்டமன்றம்தான் 1958-இல் ஊராட்சிச் சட்டத்தை நிறைவேற்றியது. மாவட்ட அளவிலான உள்ளாட்சி அமைப்புகளாக இருந்த ஜில்லா போர்டுகள் மறைந்தன. அவை நடத்திய தொடக்கப் பள்ளிகள் புதிதாக வந்த ஊராட்சி ஒன்றியங்களின் கைக்குப் போயின. இன்றும் நம் கிராமங்களில் தொங்குகிற 'ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி' என்ற பெயர்ப்பலகை அந்தச் சட்டத்தின் மிச்சம்.

அந்தக் காலத்துச் சட்டமன்ற உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஒரு பைசா கிடையாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவர் செய்யக்கூடியது மூன்றே: அவையில் பேசலாம், அதிகாரிக்கு எழுதலாம், அமைச்சரைப் பார்க்கலாம். மூன்றுமே, பின்னால் ஒரு நிறுவனம் இருப்பவருக்குத்தான் பலித்தன. எங்களிடம் பயிற்சி பெற்ற சேவிகைகள் இருக்கிறார்கள், நிலம் இருக்கிறது, கட்டடம் இருக்கிறது, மானியம் கொடுத்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடுவோம் என்று சொல்லக்கூடிய நிலையில் அந்த அவையில் இருந்தவர்கள் மிகச் சிலர். 1956-இல் காந்திகிராம கிராமிய நிலையம் என்ற உயர்கல்வி நிறுவனம் தொடங்கியதற்கு டில்லியில் ஒரு கொள்கைப் பின்னணி இருந்தது: 1948-இல் அமைந்த ராதாகிருஷ்ணன் ஆணையம் கிராமப் பல்கலைக்கழகங்கள் வேண்டுமென்று சொல்லியிருந்தது, ஸ்ரீமாலி குழு அதற்கு வடிவம் கொடுத்திருந்தது. நாடெங்கும் தொடங்கிய கிராமிய உயர்கல்வி நிலையங்கள் பல தேய்ந்தோ உருமாறியோ போக, இங்கே அது நிலைத்தது. 1959-இல் தொடங்கிய ஆத்தூர் வட்டாரச் சுகாதாரத் திட்டம், பின்னாளில் குடும்பநல ஆய்வாளர்கள் உலக அளவில் மேற்கோள் காட்டும் முன்மாதிரி ஆயிற்று. ஆத்தூரும் சின்னாளபட்டியும் ஒரே வட்டாரம். அவருடைய முதல் தொகுதிக்கும் அவருடைய நிறுவனத்துக்கும் நடுவே வேலியே இருக்கவில்லை.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. அரசிடம் கையேந்தாமல் கிராமம் தானே எழ வேண்டும் என்ற கொள்கையில் பிறந்த நிறுவனம், அரசு மானியத்தில்தான் வளர்ந்தது. ஆளுங்கட்சி உறுப்பினரே அதன் நிறுவனராக இருந்ததை அன்றும் முணுமுணுத்தவர்கள் இருந்திருப்பார்கள். இதற்கு எளிய விடை ஏதும் எனக்குத் தோன்றவில்லை. மானியம் வாங்காமல் தூய்மையாக நின்ற பல ஆசிரமங்களில் இன்று கதவுக்குப் பூட்டுத் தொங்குகிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

1962-இல் பத்மபூஷண் விருது கிடைத்தது. அதே ஆண்டு திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் வென்று, நேரு அமைச்சரவையில் கல்வித் துறைத் துணை அமைச்சரானார். வாழ்க்கைக் குறிப்பு எழுதுகிறவர்கள் இதைத்தான் உச்சம் என்று எழுதுவார்கள். தொடக்கக் கல்வி என்ற ஒன்றை வைத்து அளந்தால் இது இறக்கம். அரசியல் சட்டத்தின் 45-ஆம் பிரிவு, பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்து ஆண்டுகளுக்குள் தர முயல வேண்டும் என்றது. அந்தக் கெடு 1960-லேயே கடந்துவிட்டது. அதை வற்புறுத்துகிற இடத்துக்கு அவர் வந்தார். ஆனால் பள்ளி திறக்கவும் ஆசிரியரை நியமிக்கவும் டில்லிக்கு அதிகாரம் இல்லை. கல்வி பொதுப்பட்டியலுக்கு மாறியதே 1976-இல்தான். மாநிலங்களுக்குக் கடிதம் எழுதலாம், மாநாடு கூட்டலாம், உதவித்தொகை ஒதுக்கலாம். வேடசந்தூரின் உறுப்பினராகத் தலைமையாசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கேட்க முடிந்தவருக்கு, டில்லியில் கோப்புதான் மிஞ்சியது.

மேலும், தமிழ்நாட்டிலிருந்து டில்லிக் கல்வி அமைச்சகத்தில் உட்கார்ந்திருக்க அதைவிடக் கடினமான காலம் இருந்திருக்க முடியாது. 1965 ஜனவரி 25 அன்று இந்தி எதிர்ப்புப் போராட்டம் கலவரமாக வெடித்தது மதுரையில்தான். அடுத்த மாதமே மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுக்க நேர்ந்தது. போராடியவர்கள் மாணவர்கள், காங்கிரஸ் ஆட்சி ஊர் ஊராகத் திறந்த பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் படித்து வந்த முதல் தலைமுறை. 1967 தேர்தலில் அந்தத் தலைமுறை தன் தீர்ப்பை எழுதியது. விருதுநகரில் காமராஜர் ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். மேலூரில் கக்கன் தோற்றார். திண்டுக்கல்லில் சௌந்தரம் தி.மு.க. வேட்பாளரிடம் தோற்றார். நல்லவர், கெட்டவர், உழைத்தவர், உழைக்காதவர் என்று அந்த அலை தரம் பார்க்கவில்லை.

தோற்ற பலருக்கு அடுத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. சௌந்தரத்துக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருந்தது. காந்திகிராமத்துக்கே வந்தார், தேர்தல் பக்கம் மீண்டும் போகவில்லை. ஆஸ்பத்திரி, கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான இல்லம், பயிற்சிக் கூடங்கள் என்று மீதிக் காலம் கழிந்தது. 1976-இல் கிராமிய நிலையம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. ராமச்சந்திரன் அதன் முதல் துணைவேந்தர். மதுரையில் ஏழைப் பெண்களுக்காகச் சௌந்தரம் நடத்திய விடுதியில் தங்கிப் படித்துப் பட்டதாரியான அய்யங்கோட்டை நிலமற்ற தலித் குடும்பத்துப் பெண் கிருஷ்ணம்மாள், கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து கீழத்தஞ்சையில் நிலமற்றவர்களுக்கு நிலம் வாங்கித் தரும் வேலையில் அதற்குள் இறங்கியிருந்தார். எந்தச் சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பிலும் பதியாத சாதனை அது.

1984 அக்டோபர் 21 அன்று சௌந்தரம் காலமானார். அடுத்த ஆண்டு திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. அவர் நின்ற மூன்று தேர்தல் தொகுதிகளும், காந்திகிராமமும், மதுரை மாவட்ட வரைபடத்திலிருந்து ஒரே நாளில் வெளியேறின. 2005-இல் தபால் துறை அவர் படத்தோடு தபால் தலை வெளியிட்டது. ஆரப்பாளையத்திலிருந்து போகிற பஸ்ஸில் இன்றும் டிக்கெட் கேட்கிறவர்கள் "கஸ்தூர்பா ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங் ஒண்ணு" என்றுதான் கேட்கிறார்கள்.